கொரோதிமியின் கறுப்பு நூல்

கொரோதிமி சானுவைப் பற்றிப் பேச இந்தக் கொங்கோதுகு ஊரில் என்னைவிட உரிமை உள்ளவர் யாரும் இல்லை. நான் அவளுடைய எஜமானி. அவளைக் கேட்டால் தலைகீழாகச் சொல்வாள். நான்தான் அவளுடைய அடிமையாம், என் பாட்டனை அவள் பாட்டன் ஒரு குடம் சோளக் கள்ளுக்கு வாங்கினானாம். நம்பாதீர்கள். அவள் போபோ, நான் புலானி. எங்கள் இரண்டு இனத்துக்கும் பிறப்பிலேயே கேலி முறை. எதிரே கண்டால் வைய வேண்டும், சாவு வீட்டில் பார்த்தாலும் வைய வேண்டும். வாங்கிக் கட்டிக்கொள்கிறவர் கோபப்படக் கூடாது, பட்டால் அவருக்குத்தான் அவமானம். நானும் அவளும் முப்பது வருஷமாக ஒருவருக்கொருவர் ஒரு வார்த்தை மரியாதையாகப் பேசியது கிடையாது.

என் பெயர் பெண்டா சிதிபே. பால் விற்கிறேன். அதில் தண்ணீர் கலக்கிறேன் என்று ஊர் முழுக்கச் சொல்லி வைத்திருப்பவளும் அவள்தான்.

அவள் இந்த ஊருக்கு மருமகளாக வந்தபோது வாய்க்கால் வெட்டி நெல் போட ஆரம்பித்துச் சில வருஷம்தான் ஆகியிருந்தது. புருஷன் கோகோ தோட்டத்து வேலைக்கென்று எல்லை தாண்டி அபிஜான் பக்கம் போனான், போனவன் போனவன்தான். அவள் அழுதுகொண்டு உட்காரவில்லை. பகலில் அடுத்தவர் வயலில் நாற்று நட்டாள், வாரத்தில் இரண்டு நாள் சோளக் கள் காய்ச்சி விற்றாள். கல்யாணமாகி வெகு வருஷம் கழித்துப் பிறந்த தெனின் என்று ஒரே பெண். தாயைப் போலவே வாய். நான் பால் கொண்டு போனால், "அடிமை வந்திருக்கா, உள்ள விடலாமாம்மா?" என்று வாசலில் நின்று கேட்கும். ஆறு வயசு.

அந்தக் குழந்தை செத்தது ஜனவரி மாசத்தில். பாலைவனக் காற்று அடித்து உதடெல்லாம் வெடிக்கிற மாசம். மழை நின்று இரண்டு மாசம் ஆனால் கொசுவலையைத் துவைத்து மடித்துப் பெட்டிக்குள் வைப்பது எங்கள் ஊர் வழக்கம். மழை போனால் கொசு போச்சு என்று எங்கள் தாய்மார் சொன்னார்கள், நாங்களும் சொன்னோம். கொரோதிமியும் மடித்துத்தான் வைத்திருந்தாள். மூன்று நாள் காய்ச்சல், நாலாம் நாள் வலிப்பு. மலேரியா என்றார் மருந்தகத்து நர்ஸ்.

"கொசுவே இல்லாத மாசத்துல கொசுக் காய்ச்சல் எங்கிருந்துய்யா வந்துச்சு?" என்று கேட்டாள் கொரோதிமி. நர்ஸுக்கும் தெரியாது, பாவம்.

அந்தக் கேள்வியை அவள் விடவே இல்லை. நகரத்து ஆய்வகத்திலிருந்து சுங்கலோ என்ற பையன், பையன் என்ன, முப்பது வயசு ஆள், மோட்டார் சைக்கிளில் வந்து, சாயங்காலம் கொசுக் கூட்டம் பிடிக்க ஆள் வேண்டும், கண் கூர்மையாக இருக்க வேண்டும் என்று சொன்னபோது முதலில் எழுந்து நின்றது அவள்தான். ஆம்பிளைகள் சிரித்தார்கள். "கொசு மேய்க்கப் போறியா கொரோ?" என்று ஒருவன் கேட்டான். "மேய்க்கிறதெல்லாம் புலானிக்காரி வேலை. நான் பிடிக்கிறேன்" என்றாள்.

சூரியன் விழுந்து, அடுப்பில் கூழ் கொதிக்கும் நேரம்தான் அந்த வேலைக்கான நேரம். கால் மணி, மிஞ்சினால் இருபது நிமிஷம். ஆண் கொசுக்கள் ஒரே இடத்தில் கூடி, மேலும் கீழுமாக ஆடும். பெண் கொசு அந்தக் கூட்டத்துக்குள் நுழையும், ஜோடி சேர்ந்து கீழே விழும். அவ்வளவுதான் அவர்கள் கல்யாணம். நீளக் கம்பு போட்ட கைவலையால் ஒரே வீச்சு வீசி, உள்ளே மாட்டினதை உறிஞ்சு குழலால் எடுத்துக் காகிதக் கோப்பையில் ஊதி, மேலே துணி போட்டுக் கட்ட வேண்டும். சுங்கலோ ஒரே நாளில் சொல்லிக் கொடுத்துவிட்டுப் போய்விட்டான். மிச்சத்தை அவளே பார்த்தாள்.

மூன்று மாசம் பார்த்தாள். கழுத்து வலிக்க வலிக்க வானத்தைப் பார்த்து நின்றாள். பிறகு ஒரு நாள் சுங்கலோவிடம் சொன்னாள்:

"தம்பி, இது ஒரு கொசு இல்ல, ரெண்டு."

"அக்கா, எல்லாம் ஒன்னுதான். பூதக்கண்ணாடி வச்சுப் பார்த்தாலும் வித்தியாசம் தெரியாது."

"கண்ணாடி வச்சுப் பார்க்காத. இங்க வந்து நின்னு பாரு. சாணிக் குவியல், கிணத்து வாய், விறகுக் கட்டு, இப்படித் தரையில கறுப்பா ஏதாவது இருந்தா அதுக்கு மேல ஒரு கூட்டம் ஆடுது. ஒன்னுமே இல்லாத வெறும் மண்ணுல இன்னொரு கூட்டம். பத்தடி தள்ளித்தான். இதுல இருக்கறது அங்க போறதில்ல. அதுல இருக்கறது இங்க வர்றதில்ல."

அவளுக்கு எழுதப் படிக்கத் தெரியாது. அதனால் குவியல், கிணறு போன்ற இடத்தில் பிடித்த கோப்பைக்குக் கறுப்பு நூல் கட்டினாள், வெறும் மண்ணில் பிடித்த கோப்பைக்கு வெள்ளை நூல். ஆய்வகத்தில் கொசுவின் ஒரு காலைக் கிள்ளி எடுத்து, வம்சம் பார்க்கிற சோதனை செய்வார்களாம். செய்தார்கள். கறுப்பு நூல் எல்லாம் ஒரு வகை, வெள்ளை நூல் எல்லாம் வேறு வகை. உருவத்தில் ஒன்று, உள்ளே இரண்டு என்பது அவர்களுக்கு முன்பே தெரியும். எங்கள் பள்ளத்தாக்கில் அவை எங்கே பிரிகின்றன என்பதுதான் தெரியாது. அதைக் கள் காய்ச்சுகிறவள் சொன்னாள். இதைச் சொல்லும்போது இப்போதும் எனக்கு நெஞ்சு நிமிர்கிறது. அவள் காதில் போட்டுவிடாதீர்கள்.

ஒரு நாள் அவள் கள்ளுப் பானை பக்கத்தில் உட்கார்ந்து எனக்கு விளக்கினாள். நான் குடிக்கிறதில்லை, பானையைத் தள்ளி வைத்தால்தான் உட்காருவேன்.

"ஒரே வயித்துல பொறந்த ரெண்டு பிள்ளைங்கன்னு வச்சுக்க. ஒன்னு மழைக் குட்டையில முட்டை விட்டுச்சு. குட்டை காயறதுக்குள்ள வளர்ந்தாகணும், அதுக்கு அவசரம். இன்னொன்னு நம்ம நெல் வயலுக்கு வந்துச்சு. அங்க தண்ணி வருஷம் பூரா நிக்கும், ஆனா புழுவைத் திங்கிற பூச்சியும் மீனும் நிக்கும். ஒளியத் தெரிஞ்சதுதான் பொழைக்கும். இப்ப வயல்ல பொறந்தது குட்டைக்காரியைக் கட்டினா பிள்ளை எப்படி இருக்கும்?"

"ஒளியவும் தெரியாது, ஓடவும் தெரியாது. உன் புருஷன் மாதிரி."

"அதேதான்டி. அதனால தன் ஆளைத் தேடித்தான் கட்டணும். கல்யாணம் நடக்கிற இடம் வேற வேற ஆயிருச்சு பாரு, அப்புறம் பேரன் பேத்தி காலத்துல சொந்தமே விட்டுப் போகும். ஒரு புது இனமே நம்ம கண்ணு முன்னாடி பொறந்துக்கிட்டிருக்கு பெண்டா. நம்ம வெட்டின வாய்க்கால்ல."

"கொசுவுக்குப் பிரசவம் பார்த்த முதல் மருத்துவச்சி நீதான்" என்றேன். அவள் சிரிக்கவில்லை.

"ஜனவரியில நான் பிடிச்சது எல்லாம் கறுப்பு நூல்தான், வயல் கொசு" என்றாள். "வெள்ளை நூல் ஒன்னுகூட இல்ல. மழைக் கொசு மழையோட போயிருது. வயல் கொசு போறதே இல்ல. நாம ரெண்டையும் ஒன்னுன்னு நினைச்சு வலையை மடிச்சு வச்சோம்."

தெனின் பெயரை அவள் சொல்லவில்லை. நானும் சொல்லவில்லை. 

அதற்குப் பிறகுதான் எனக்கு இந்த வேலையின் கனம் புரிந்தது. இரண்டு வருஷத்துக் கோப்பைகளும் சரி என்று தலைநகரத்தில் ஒப்புக்கொண்டால், இனி எங்கள் பள்ளத்தாக்குக்கு வெயில் காலத்திலும் மருந்து அடிப்பார்கள், வெயில் காலத்துக்கென்று தனியாக வலை கொடுப்பார்கள், நர்ஸிடம் மாத்திரை தீராமல் இருக்கும். ஒப்புக்கொள்ளாவிட்டால் பழைய கதைதான். எங்கள் வயல்வெளியில் பதினொரு ஊர் இருக்கிறது.

இனி என் வண்டவாளத்தைச் சொல்ல வேண்டும்.

இரண்டாம் வருஷம் மழைக்காலத்தில் கொரோதிமிக்கே காய்ச்சல் கண்டது. எழுந்து நிற்க முடியவில்லை. பாயில் கிடந்துகொண்டு என்னைக் கூப்பிட்டு அனுப்பினாள். "உன் வீட்டுப் பின்னாடி இருக்கிற சாணிக் குவியல் மேல பிடி, கறுப்பு நூல் கட்டு. வேற எதுவும் செய்யாத. நாலே நாள். யார்கிட்டயும் சொல்லாத, பழகாத ஆளை விடக் கூடாதுன்னு சட்டம்" என்றாள். அவள் பிடிப்பதை எத்தனையோ நாள் பார்த்துச் சிரித்தவள் நான், எனக்கு வீசத் தெரியாதா என்ன. சரி என்றேன்.

அன்று மத்தியானமே ஒரு நெல்லுக்காரன் வண்டி கட்டிக்கொண்டு வந்து, அந்தக் குவியல் மொத்தத்தையும் வயலுக்கு அள்ளிப் போய்விட்டான். அறுவடை முடிந்த அவன் தாளடியில் என் மாடு மேயும், என் சாணியை அவன் அள்ளிக்கொள்வான், இது எங்களுக்குள் ஏற்பாடு. அவன் மண்வெட்டியால் சுரண்டி எடுத்ததில் தரை துடைத்த மாதிரி ஆகிவிட்டது. எனக்கு ஒன்றும் தோன்றவில்லை. பத்து வருஷமாகச் சாணி கிடந்த இடம் எங்களுக்கு எப்போதும் சாணி போடுகிற இடம்தான், நாளைக்கே மறுபடியும் குவியும். சாயங்காலம் அதே இடத்துக்குப் போனேன். மேலே ஒரு கூட்டம் ஆடிக்கொண்டிருந்தது. வீசினேன், ஊதினேன், கறுப்பு நூல் கட்டினேன். நாலு நாளும் அப்படியே. நாலு நாளும் அன்றன்றைய சாணியை வாரி நேராக அவன் வண்டியிலேயே போட்டுவிட்டதால் அந்த இடம் வெறும் மண்ணாகத்தான் இருந்தது. ஐந்தாம் நாள் அவள் எழுந்துவிட்டாள், நான் மறந்துவிட்டேன்.

மழை முடிகிற சமயம் தலைநகரத்திலிருந்து மேடம் தியோம்பியானோ வந்தார். இந்த வேலைக்கெல்லாம் அவர்தான் தலைவி. கண்டிப்பானவர், ஆனால் கெட்டவர் இல்லை. பள்ளிக்கூட முற்றத்து மாமரத்தடியில் நாற்காலி போட்டு ஊரே கூடியிருந்தது. நான் பால் குடுவையோடு ஓரமாக நின்றேன். கொரோதிமியைப் பாராட்டத்தான் வந்திருக்கிறார் என்று எல்லோரும் நினைத்தோம். அவள் நீலப் பூப்போட்ட புதுச் சேலைத்துணியைச் சுற்றிக்கொண்டு வந்திருந்தாள்.

"கொரோதிமி அம்மா, ஆகஸ்ட் மாசத்துல நாலு நாள் கறுப்பு நூல் கோப்பைங்க வந்துச்சு. உள்ள இருந்தது அத்தனையும் மழைக் கொசு" என்றார் மேடம். "எங்கயோ ஒரு இடத்துல பிடிச்சு, கையில கிடைச்ச நூலைக் கட்டி அனுப்பியிருக்கீங்க. நாலு நாள் அப்படின்னா மத்த நாளெல்லாம் எப்படி இருந்துச்சுன்னு நான் எப்படி நம்புறது? ரெண்டு வருஷத்தையும் ஒதுக்கித்தான் வைக்கணும். எனக்கு வேற வழி தெரியல."

சுங்கலோ தலையைக் குனிந்துகொண்டான். கொரோதிமி, "என் நூல் பொய் சொல்லாதுங்க" என்றாள். காய்ச்சலில் கிடந்தேன், பெண்டாதான் பிடித்தாள் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். சொல்லவில்லை. எனக்குத் தலையில் இடி விழுந்தது. அந்தத் துடைத்த மண் என் கண் முன்னால் வந்து நின்றது.

பால் குடுவையைக் கீழே வைத்துவிட்டு நடுவில் போனேன்.

"மேடம், அந்த நாலு நாள் பிடிச்சது நான். என் அடிமைக்குக் காய்ச்சல், எஜமானி நான்தானே வேலை பார்க்கணும்? சாணியை வண்டிக்காரன் அள்ளிட்டான், நான் வெறும் மண்ணுல பிடிச்சுட்டேன்."

ஊரே கொல்லென்று சிரித்தது. என் வாயைத்தான் செருப்பால் அடிக்க வேண்டும். முப்பது வருஷப் பழக்கம், அவளைப் பற்றி வாயைத் திறந்தால் அடிமை என்றுதான் வருகிறது. "பாரு, போபோவைக் காப்பாத்தப் புலானி வந்துட்டா" என்றார் ஒரு கிழவர். சுங்கலோகூடச் சிரித்துவிட்டு மேடத்திடம், "இவங்க ரெண்டு பேருக்கும் கேலி முறைங்க, இப்படித்தான் எப்பவும்" என்றான். மேடமும் சிரித்தார். "எங்க பக்கமும் இந்த முறை உண்டு" என்றார்.

"நான் விளையாடல. ஆண்டவன் சத்தியமா நான்தான்" என்றேன். சிரிப்பு இரண்டு மடங்கானது. ஒருவன் தொடையைத் தட்டிக்கொண்டு சிரித்தான். வாழ்க்கையில் முதல் முறையாக அவளுக்காக ஒரு உண்மையைச் சொல்கிறேன், நம்ப ஒரு ஆள் இல்லை. அழுகை வந்துவிட்டது. அதையும் நடிப்பு என்றார்கள். கொரோதிமியின் முகத்தைப் பார்க்க எனக்குத் தைரியம் வரவில்லை.

சிரிப்பு அடங்கியதும் அவள் குரல் கேட்டது. "மேடம், சாயங்காலம் வரைக்கும் இருப்பீங்களா?"

"எதுக்கு?"

"இந்த முற்றம் வெறும் மண்ணு. வெள்ளை நூல் இடம். இங்க கறுப்பு நூல் கொசு என்னைக்கும் ஆடினதில்ல. இன்னைக்கு நான் ஆட வைக்கிறேன். வலையை நான் தொட மாட்டேன். நீங்களே வீசுங்க, நீங்களே கட்டுங்க, நீங்களே எடுத்துட்டுப் போங்க. எது எந்த இனம்னு மட்டும் முன்னாடியே சொல்றேன்." என் பக்கம் திரும்பினாள். "ஏ பால்காரி, உன் மேல்துணியைக் கொடு."

நான் போட்டிருந்தது அவுரிச் சாயம் ஏற்றிய கறுப்புத் துணி. இந்த நேரத்தில்கூட என்னைச் சபையில் வைத்துக் கேலி செய்கிறாளே என்றுதான் முதலில் நினைத்தேன். எடுத்துக் கொடுத்தேன். அவள் அதை நாலாக மடித்து முற்றத்து நடுவில் விரித்தாள், நாலு மூலையிலும் கல் வைத்தாள். பிறகு பன்னிரண்டு அடி எட்டு வைத்து வெறும் மண்ணில் ஒரு குச்சி நட்டாள்.

காத்திருந்தோம். யாரும் வீட்டுக்குப் போகவில்லை. சமையலுக்குக்கூட ஒருத்தியும் போகவில்லை. சூரியன் விழுந்தது. முதலில் குச்சிப் பக்கம்தான் கூடியது. ஐந்து, பத்து, பிறகு நூறு. மேடம் வீசினார். துணிக்கு மேலே ஒன்றும் இல்லை. கொரோதிமி இடுப்பில் கை வைத்துக்கொண்டு, துணியையே பார்த்து நின்றாள். "அவசரப்படாதீங்க. வயல் இருக்கிறது தூரத்துல" என்றாள்.

ஒன்று வந்தது. பிறகு மூன்று. பிறகு என் துணிக்கு மேலே, ஆள் உயரத்தில், அதன் அகலத்துக்குச் சரியாக, ஒரு கூட்டம் எழுந்து ஆடியது. இதுவரை ஒரு நாளும் அங்கே ஆடாத கூட்டம். சிரித்த வாயெல்லாம் மூடிக்கொண்டது.

"அது மழைக்காரி வம்சம். இது வயல்காரி வம்சம். வீசுங்க மேடம்" என்றாள் கொரோதிமி.

பன்னிரண்டாம் நாள் மேடமே திரும்பி வந்தார், சோதனை முடிவுத் தாளோடு. அதே மாமரத்தடி. குச்சிப் பக்கம் பிடித்த முப்பதும் மழைக் கொசு. துணிக்கு மேலே பிடித்த முப்பதில் இருபத்தொன்பது வயல் கொசு. ஒன்றே ஒன்று இரண்டுக்கும் பிறந்த கலப்பு.

"எந்த ஊர்லயும் ஓடிப்போய்க் கட்டிக்கிறவங்க ஒன்னு ரெண்டு இருக்கத்தான் செய்வாங்க" என்றாள் கொரோதிமி. மேடம் விழுந்து விழுந்து சிரித்தார்.

பிறகு எழுந்து நின்று, எல்லோர் காதிலும் விழும்படி சொன்னார். "உங்க ரெண்டு வருஷமும் நிக்குது அம்மா. இந்த ஜனவரியில இருந்து பதினோரு ஊருக்கும் வலையும் மருந்தும் வரும். அந்தக் குழப்பமான நாலு நாளை மட்டும் அடிச்சுட்டேன், அவ்வளவுதான்."

பெண்கள் குலவையிட்டார்கள். ஆம்பிளைகள் எழுந்து வந்து அவள் கையைப் பிடித்தார்கள், கொசு மேய்க்கப் போகிறாயா என்று கேட்டவனும் வந்தான். அவள் கையை இழுத்துக்கொண்டாள்.

"அந்த நாலு நாளை அடிக்காதீங்க மேடம்" என்றாள்.

"ஏன்?"

"அதுவும் நிஜம்தான். சாணி போச்சு, மண்ணு வெறிச்சோடிச்சு, மழைக் கொசு வந்து ஆடிச்சு. கொசு பொய் சொல்லல, பிடிச்சவளும் பொய் சொல்லல. துணியை விரிக்கணும்னு எனக்குத் தோணினதே அவ சொன்னதைக் கேட்டுத்தான். எல்லார் முன்னாடியும் அவ வந்து சொன்னப்ப நீங்க எல்லாரும் சிரிச்சீங்க. நான் சிரிக்கல."

மேடம் உட்கார்ந்து, தாளைத் திருப்பி, பேனாவைத் திறந்தார். பிடித்தவர் பெயர் என்ன என்று கேட்டார். நான் வாயைத் திறப்பதற்குள் கொரோதிமியே சொன்னாள், என் தகப்பன் பெயரையும் சேர்த்து.